நுரையில் பிறந்த தெய்வங்கள்

பழவேற்காட்டுக் கடற்கரையில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு நீண்டு கிடக்கிறது. மேற்கே திரும்பினால் முழங்கால் அளவு நீரில் ஊன்றிய வலைக்கம்புகளும் நாரைகளும் தெரியும். கிழக்கே திரும்பினால் வங்கக்கடல். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாட்களில் அலைகள் உடைந்து பின்வாங்கும்போது மணலின்மேல் வெண்ணிற நுரை தங்கிவிடும். காற்று அதைக் கிள்ளி எடுத்து, பஞ்சுப் பிசிறுபோல உருட்டிக்கொண்டு போகும்.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மெரீனாக் கடற்கரையில் நாட்கணக்கில் நுரை குவிந்து கிடந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். சிறுவர்கள் அதை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. மருத்துவர்கள், தோலில் படவிடாதீர்கள் என்று எச்சரித்தார்கள். அதற்கடுத்த வாரம் எங்கள் கல்லூரி மாணவர்களுடன் பழவேற்காட்டுக்கு ஒரு முகாமுக்குச் சென்றிருந்தேன். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குப்பத்தில், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கரையில் ஒதுங்கியிருந்த நுரையைக் காட்டி, "சார், இது கடலோட நுரையா, சோப்பு நுரையா? எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டாள். "பட்டணத்துல நுரை வந்துச்சுன்னு டி.வி.யில சொன்னதுலேருந்து எங்கப்பா கொண்டாந்த மீனை யாரும் வாங்கல சார்" என்றாள்.

இருபது ஆண்டுகளாகப் பரப்பு இழுவிசை பாடம் நடத்துகிறவன் நான். அந்தப் பெண்ணுக்கு அன்று நான் சொன்ன விடை பாதிதான் சரி. அதிலும் ஒரு பிழை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கதை.

கிரேக்கர்களின் கதை இது. ஏறக்குறைய 2700 ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்த ஹெசியாட் என்ற புலவர், தெய்வங்களின் வமிசாவளியைப் பாடியபோது இதைச் சொல்லியிருக்கிறார். ஆகாயத்தின் தெய்வம் யுரேனஸ், பூமித்தாய் கேயா. யுரேனஸ் தன் பிள்ளைகளைப் பிறக்கவிடாமல் பூமிக்குள்ளேயே அழுத்தி வைத்துக் கொடுமை செய்தான். பொறுக்க முடியாத தாய், கடைசி மகன் குரோனஸின் கையில் ஓர் அரிவாளைக் கொடுத்தாள். மகன் தந்தையின் உடலை வெட்டினான். வெட்டுண்ட பகுதி கடலில் விழுந்து வெகுகாலம் மிதந்தது. அதைச் சுற்றி வெண்ணுரை திரண்டது. அந்த நுரைக்குள் ஒரு பெண் வளர்ந்தாள். சித்தெராத் தீவைக் கடந்து சைப்ரஸ் தீவில் அவள் கரையேறியபோது, அடிவைத்த இடமெல்லாம் புல் முளைத்ததாம். அவள்தான் அழகுக்கும் காதலுக்கும் தெய்வமான அப்ரோடைட். கிரேக்க மொழியில் 'அப்ரோஸ்' என்றால் நுரை. நுரையில் பிறந்ததால் இந்தப் பெயர் என்பார் ஹெசியாட். இன்றைய மொழிநூலார் பலர் இந்தச் சொற்பிறப்பை ஏற்பதில்லை. ஆனால் கதை நிலைத்துவிட்டது. ரோமானியர் அவளை வீனஸ் என்றார்கள். விடியற்காலையில் கட்டுமரக்காரர்கள் பார்க்கும் வெள்ளிக் கோளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தான். 1781இல் ஹெர்ஷல் கண்டுபிடித்த கோளுக்கு அவளுடைய தந்தையின் பெயர் வைத்தார்கள். குரோனஸ்தான் ரோமானியரின் சனி. ஆக, வெட்டினவன், வெட்டுப்பட்டவன், பிறந்தவள் ஆகிய மூவருமே வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"நம் நாட்டில் இப்படி உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. கும்பகோணத்துக்கு அருகில், சுவாமிமலைக்குப் பக்கத்தில் திருவலஞ்சுழி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள வெள்ளைப் பிள்ளையார் கடல் நுரையால் ஆனவர் என்பது தலபுராணம். பாற்கடலைக் கடையத் தொடங்கிய தேவர்கள் பிள்ளையாரை வணங்க மறந்தார்கள். அமுதத்துக்குப் பதிலாக நஞ்சு எழுந்தது. தவறை உணர்ந்து, கடைந்தபோது பொங்கிய நுரையையே திரட்டிப் பிள்ளையார் பிடித்து வணங்கினார்கள் என்று கதை போகிறது. அந்தத் திருமேனிக்கு நீராலும் பாலாலும் அபிஷேகம் செய்வதில்லை. பச்சைக் கற்பூரப் பொடியைத்தான் தூவுகிறார்கள். கதை கட்டியவர்கள் நுரையின் இயல்பை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நுரையின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் என்ன மிஞ்சும்?

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. நமுசி என்ற அசுரனை, பகலிலும் இரவிலும் கொல்வதில்லை, உலர்ந்த பொருளாலும் ஈரமான பொருளாலும் கொல்வதில்லை என்று இந்திரன் வாக்குக் கொடுத்துவிட்டான். பிறகு, பகலும் இரவும் அல்லாத வேளையில், நீரின் நுரையை எறிந்து அவன் தலையை அறுத்தான். ரிக் வேதத்திலேயே இதன் குறிப்பு இருக்கிறது. நுரை ஈரமும் அன்று, உலர்ந்ததும் அன்று! இதை வழக்கறிஞர் தந்திரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சவரக் குழம்பைக் கையில் எடுத்துக் கையைச் சாய்த்துப் பாருங்கள். வழியாது, மலைபோல நிற்கும். அதாவது, திண்மம்போல நடந்துகொள்ளும். விரலால் தள்ளினால் நீர்மம்போல நகரும். அதன் பருமனில் பெரும்பங்கு காற்று. திண்மம், நீர்மம், வாயு என்று நாம் பாடப்புத்தகத்தில் போடும் மூன்று கட்டங்களில் எதிலும் நுரை ஒழுங்காக உட்காருவதில்லை. நுரை, களிம்பு, கூழ் போன்றவற்றுக்கென்றே இன்று இயற்பியலில் ஒரு தனிப்பிரிவு நடக்கிறது.

நீரின் தோல்

நுரையைப் புரிந்துகொள்ள ஒற்றைக் குமிழியிலிருந்து தொடங்குவோம். நீரின் உட்புறத்திலுள்ள மூலக்கூறு எல்லாப் பக்கமும் தன் அண்டை மூலக்கூறுகளால் இழுக்கப்படுகிறது. பரப்பிலுள்ள மூலக்கூறுக்கு மேலே அண்டை வீட்டார் இல்லை. ஆகவே பரப்பு தன் அளவைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். இந்த இழுப்புத்தான் பரப்பு இழுவிசை. 25 பாகை செல்சியசில் தூய நீருக்கு அதன் அளவு மீட்டருக்கு 0.072 நியூட்டன். நீர்ப்பரப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு கிழித்தால், கோட்டின் இருபுறமும் ஒன்றையொன்று ஏறக்குறைய 7 கிராம் எடைக்குச் சமமான விசையால் இழுக்கின்றன என்று பொருள். சிறிய விசைதான். ஆனால் குமிழியும் சிறியதல்லவா?

நீருக்குள் இருக்கும் காற்றுக் குமிழியில், வெளி அழுத்தத்தைவிட உள் அழுத்தம் அதிகம். அந்த மிகுதி, பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழிக்கு இது 144 பாஸ்கல். ஆரம் 0.01 மி.மீ. என்றால் 14,400 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு! குமிழி சிறியதாக ஆக, உள்ளேயுள்ள காற்று அதிகமாக நெருக்கப்படுகிறது. அதனால்தான் நுரையில் சிறு குமிழிகளின் காற்று மெல்லிய படலத்தின் வழியே பெரிய குமிழிகளுக்குள் கசிந்து போகிறது. சிறியவை மறையும், பெரியவை மேலும் பெருக்கும். காலையில் டபராவில் ஆற்றிய காப்பியை ஐந்து நிமிடம் குடிக்காமல் வைத்துப் பாருங்கள். மேலிருக்கும் நுண்ணிய நுரை மெல்ல மெல்லக் கண் பெரிதாகி ஓட்டை விழுவதைக் காண்பீர்கள்.

நுரை ஏன் வெண்மையாக இருக்கிறது? காப்பி பழுப்பு, நுரை வெளுப்பு. ஏரி கலங்கல், நுரை வெளுப்பு. நீர்ப்பரப்பின்மேல் செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் திரும்புகிறது. ஆனால் நுரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கான பரப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, விழுந்த ஒளியில் பெரும்பங்கு வெளியே வந்துவிடுகிறது. எல்லா நிறங்களும் ஏறத்தாழச் சமமாகத் திரும்புவதால் வெண்மை. கண்ணாடித் தூளும், பொடி உப்பும், மேகமும் வெளுத்திருப்பதற்கும் இதே காரணம்தான். பாற்கடல் என்று பெயர் வைத்தவர், கடைந்த கடலைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று எனக்கொரு எண்ணம்.

என் பிழை

தூய நீரைப் புட்டியில் போட்டுக் குலுக்கினால் குமிழிகள் வருகின்றன. ஆனால் நொடியில் மறைகின்றன. கடல்நீரில் நிலைக்கின்றன. ஏன்? அன்று அந்தப் பெண்ணிடம், "உப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, அதனால் நுரைக்கிறது" என்று சொல்லிவிட்டேன். வகுப்பிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இது தவறு. உப்பு, நீரின் பரப்பு இழுவிசையைச் சற்றே கூட்டுகிறது. முகாமிலிருந்து திரும்பியபின் என் மாணவன் ஒருவன் நுண்குழாயில் நீரேற்ற அளவு எடுத்து, உப்புநீரின் அடர்த்தியையும் கணக்கில் சேர்த்து, இதை என் முன்னால் வைத்தான். விடை எழுதியிருந்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்படியானால் உப்பு என்னதான் செய்கிறது? நீங்களே பாருங்கள். மூடியுள்ள, நிறமற்ற மூன்று புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் குடிநீர். இரண்டாவதில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்புக் கரைத்த குடிநீர். தராசு இல்லாவிட்டால் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி. இதுதான் கடலின் சராசரி உப்பளவு. மூன்றாவதில் கடல்நீர், கடற்கரைக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் புட்டிகளிலும் பாதியளவு நீர் இருக்கட்டும். அரை நிமிடம் ஒரே வேகத்தில் குலுக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். முதல் புட்டியில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, சட்டென்று மேலேறி உடையும். இரண்டாவதில் குமிழிகள் நுண்ணியவை. நீர் சிறிது நேரம் மங்கலாகத் தோன்றும். ஆனால் மேலே வந்தபின் அவையும் தங்குவதில்லை. மூன்றாவதில்தான் விளிம்பில் ஒரு வெள்ளை வளையம் தங்கும்.

ஆக, உப்பின் வேலை ஒன்றுதான்: குமிழிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுத்து, அவற்றைச் சிறியனவாகவே வைத்திருக்கிறது. இதற்குச் சரியான காரணம் என்ன என்பதில் அறிவியலார் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சில உப்புகள் இதைச் செய்கின்றன, சில செய்வதில்லை என்பது இன்னும் வேடிக்கை. சாதாரணக் கறியுப்பைப் பற்றி, நாம் ஒவ்வொரு நாளும் தின்னும் பொருளைப் பற்றி, விடை காணாத கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களில் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நுரையைத் தங்க வைப்பது வேறொன்று. கடலில் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிர்கள் கோடிகோடியாக வாழ்கின்றன. அவை மடிந்து சிதையும்போது புரதங்களும் கொழுப்புப் பொருள்களும் நீரில் கலக்கின்றன. இவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். ஆகவே அவை நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் போய் ஒண்டிக்கொள்கின்றன. சோப்பும் இதே குணமுடையதுதான். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அப்படியே. பருப்பு வேகும்போது பொங்கி வழிவதும், காப்பி ஆற்றும்போது நுரைப்பதும் இதே வகைப் பொருள்களின் கைவேலை. பரப்பு இழுவிசையைக் குறைப்பவை இவைதாம், உப்பு அன்று.

ஆனால் இழுவிசை குறைவது மட்டும் போதாது. ஒரு தட்டில் நீர் ஊற்றி, அதன்மேல் மிளகுத்தூளை மெல்லத் தூவி, நடுவில் சோப்பு தடவிய விரலால் தொடுங்கள். தூள் விளிம்புக்கு ஓடும். தொட்ட இடத்தில் இழுவிசை குறைந்தது. சுற்றியுள்ள பரப்பு வலுவாக இழுத்துக்கொண்டு போயிற்று. இத்தாலியரான மாரங்கோனி 1865இல் ஆராய்ந்த விளைவு இது. இதைக் குமிழியின் படலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். படலத்தில் ஓரிடம் இழுபட்டு மெலிகிறது. அங்கே சோப்பு மூலக்கூறுகளின் நெருக்கம் குறைகிறது. ஆகவே இழுவிசை கூடுகிறது. கூடியவுடன் அந்த இடம் அக்கம்பக்கத்திலிருந்து நீரைத் தன்பால் இழுத்து, மெலிந்ததைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. பழவேற்காட்டுத் திண்ணைகளில் ஊசியும் நூலுமாக வலை பின்னும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிழியத் தொடங்கும் இடத்தைத் தானே தைத்துக்கொள்ளும் வலை ஒன்று இருந்தால் எப்படியிருக்கும்? குமிழிப் படலம் அப்படிப்பட்டது.

பாத்திரம் துலக்கும் நீரிலிருந்தே இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் ஒரு பெண். ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்பவர், கல்லூரிக்குப் போக வழியில்லாமல், வீட்டு வேலைக்கு நடுவே நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்தார். தம் முடிவுகளை ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். ஆய்வகம் இல்லை என்று குறைபடும் மாணவ மாணவியருக்காக இதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

எது யாருடைய நுரை?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். கடலின் புரதம் செய்த நுரையா, சலவைத்தூள் செய்த நுரையா? கண்ணும் மூக்கும் ஓரளவு உதவும். இயற்கை நுரை பெரும்பாலும் தூய வெள்ளையாக இராது. பழுப்பு கலந்திருக்கும், மீன்வாடையோ பாசிவாடையோ அடிக்கும். பலத்த காற்றுக்குப்பின் கரை நெடுகிலும் பரவலாகக் கிடக்கும். சலவை நுரை பளிச்சென்று வெளுத்து, சில வேளை வாசனையுடன், கழிவுநீர் வந்து சேரும் வாயிலிருந்து பட்டையாகப் புறப்படும். ஆனால் உறுதியாகச் சொல்ல வேதியியல் வேண்டும். மெத்திலீன் புளூ என்ற சாயம், சலவைத்தூளின் முக்கியமான மூலக்கூறுகளோடு சேர்ந்து, குளோரோபாரத்தில் கரையக்கூடிய நீலப் பொருளாகிறது. நீலம் எவ்வளவு ஆழமோ, சலவைப்பொருள் அவ்வளவு அதிகம். இதை வீட்டில் செய்ய வேண்டாம். குளோரோபாரம் விளையாட்டுப் பொருளன்று. வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

2019ஆம் ஆண்டு மெரீனா நுரைக்குச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரையும் சலவைப்பொருள்களையும் வல்லுநர்கள் காரணமாகக் காட்டினார்கள். மழைவெள்ளம் நகரத்தின் கழிவை ஆற்றின் வழியே கடலில் தள்ள, அலை அதைக் கடைந்தது. ஆனால், 'இயற்கை நுரை நல்லது, சோப்பு நுரை கெட்டது' என்று கோடு கிழித்து உட்கார்ந்துவிட முடியாது. இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது: பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்களுடைய கல்லறைகளை இன்றும் அங்கே காணலாம். அந்த டச்சு நாட்டின் சேவனிங்கன் கடற்கரையில் 2020ஆம் ஆண்டு மே மாதம் அலைச்சறுக்கு விளையாடியவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே குவிந்திருந்த தடித்த நுரை, பியோசிஸ்டிஸ் என்ற மிதவை உயிரியின் பெருக்கத்தால் வந்தது. சோப்பு அன்று. நல்ல நீச்சல்காரர்கள்தாம் அவர்கள். ஆனால் நுரைக்குள் மூச்சுவிட முடியாது, பார்க்க முடியாது, நீரில் மிதப்பதுபோல நுரையில் மிதக்கவும் முடியாது. அதன் அடர்த்தி அவ்வளவு குறைவு. நமுசியைக் கொன்ற நுரை வெறும் கதையன்று போலும்.

இரண்டாவது: கழிவுநீரிலும் சில சலவைத்தூள்களிலும் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்கள் பாசிகளுக்கு உரம். நகரம் உரம் போடுகிறது, கடலில் மிதவை உயிர்கள் பெருகுகின்றன, மடிகின்றன, நுரைக்கின்றன. அந்த நுரையில் சோப்பு ஒரு துளியும் இல்லாமல் இருக்கலாம். அதை யாருடைய நுரை என்பது? பெற்றவள் கடல், வளர்த்தது நாம். "கடலோட நுரையா, சோப்பு நுரையா" என்ற கேள்விக்கு 'இரண்டும்' என்ற விடையும் உண்டு என்பதை அன்று நான் சொல்லத் தவறினேன்.

சென்னைக் கரையில் நுரை கண்டால் 60 கிலோமீட்டர் அப்பால் பிடித்த மீனும் நஞ்சாகிவிடுமா? நுரையைப் பார்த்து மீனைத் தள்ளுவது அறிவியலன்று. அந்தந்த இடத்து நீரையும் மீனையும் சோதித்துத்தான் சொல்ல முடியும். அப்படிச் சோதித்த முடிவை, அந்தந்தக் குப்பத்தின் ஏலக்கூடத்தில் தமிழில் எழுதி ஒட்டவேண்டும் என்பது என் கட்சி. மீனவர் நாளைக்கு வருமானம், இன்றைய சந்தையில் இருக்கிறது.

உடையும்போது என்ன பிறக்கிறது?

நுரை பிறப்பதை மட்டுமே பேசிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான். குமிழி உடைவதில்தான் அதிசயம் இருக்கிறது.

நீரின் மேல்மட்டத்துக்கு வந்த குமிழியின் கூரை ஒரு மெல்லிய படலம். அது ஓரிடத்தில் கிழிந்ததும் ஓட்டை விரிகிறது. எவ்வளவு வேகமாக? பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி, அடர்த்தியாலும் படலத்தின் தடிப்பாலும் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், விடை நொடிக்கு 12 மீட்டர். நூறு மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உசைன் போல்ட்டின் சராசரி வேகத்தைவிட இது அதிகம்! கிழிந்த படலம் நுண்துளிகளாகச் சிதறுகிறது. பிறகு, கூரை இழந்த குழியின் பக்கங்கள் உள்நோக்கிப் பாய்ந்து நடுவில் மோதி, ஊசிபோல ஒரு நீர்த்தாரையை மேலே எறிகின்றன. தாரை அறுந்து சில துளிகளாகிறது. அத்துளியின் விட்டம் குமிழியின் விட்டத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. சோடாவை முகத்தருகே பிடித்தால் மூக்கில் தெறிக்கிறதே, அது இதுதான்.

கடலின் மேல் ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற குமிழிகள் இப்படி உடைகின்றன. சிறு துளிகளைக் காற்று தூக்கிச் செல்கிறது. நீர் ஆவியாகிறது, உப்பு மிஞ்சுகிறது. கடற்கரையில் நின்றால் உதடு கரிப்பதும், குப்பத்து வீடுகளின் சன்னல் கம்பிகள் விரைவில் துருப்பிடிப்பதும் இதனால்தான். உப்புத்துகளுக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால், கறியுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஐப்பசி கார்த்திகையில் உங்கள் வீட்டு உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருக்கிறீர்களே! வானில் அதே செயல் நடக்கிறது. நீராவி வெறுங்காற்றில் எளிதில் துளியாக மாறாது. ஒட்டிக்கொள்ள ஒரு கரு வேண்டும். தூசி, புகை, கந்தகச் சேர்மங்கள் எனப் பல பொருள்கள் கருவாகின்றன. கடலின்மேல் எழும் மேகங்களில் உப்பு அவற்றுள் முக்கியமானது. கடல் ஆண்டுதோறும் காற்றில் எறியும் உப்பின் எடையைப் பற்றிய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன. ஆனால் எல்லாமே நூறு கோடி டன்களில்தாம் பேசுகின்றன.

நுரை உடைந்து தெறித்த உப்பின்மேல் நீர் படிந்து மேகத்துளியாகிறது. வடகிழக்குப் பருவமழையில் அது கரைக்குத் திரும்புகிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் அந்த மழைநீரைப் பழவேற்காட்டு ஏரிக்குள் கொண்டுவருகின்றன. கோடையில், முகத்துவாரம் மணலால் அடைபட்ட காலங்களில், கடலைவிடக் கரிப்பாகிவிடும் ஏரி, மழைக்குப்பின் நன்னீரை நோக்கி இறங்குகிறது. வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துத் திறக்கிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் அந்த வழியே உள்ளே வந்து வளர்கின்றன. ஆண்டிக்குப்பத்திலும் கோட்டைக்குப்பத்திலும் நடுவூர் மாதா குப்பத்திலும் 'பாடு' முறைப்படி நாள் பிரித்துக்கொண்டு வலை விரிப்பவர்களின் பிழைப்பு அந்த வழியை நம்பித்தான். அப்ரோடைட் அடிவைத்த இடத்தில் புல் முளைத்ததாம். ஹெசியாட்டுக்கு மேகக்கரு தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்னொரு சிறு செய்தி. பழவேற்காட்டு மணலில் வெள்ளையாக, படகு வடிவில், கையால் அழுத்தினால் பொடியும் ஓடுகளைப் பொறுக்கியிருப்பீர்கள். கணவாயின் உள்ளோடு அது. நம் சித்த மருத்துவத்தில் அதற்குப் பெயர் 'கடல் நுரை'! பெயரில் வியப்பில்லை. ஓட்டை உடைத்து உருப்பெருக்கியால் பாருங்கள்: மெல்லிய சுண்ணாம்புத் தட்டுகள் அடுக்கடுக்காக, இடையிடையே நுண்ணிய தூண்கள், மீதி வெற்று அறைகள். பருமனில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெற்றிடம். கணவாய் உயிரோடிருக்கையில் இந்த அறைகளிலுள்ள நீரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கடலில் தன் மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது. நீரால் ஆன நுரை சில நொடி நிற்கும். கணவாய் கட்டிய நுரை, கணவாய் செத்த பின்னும் மிதந்து கரைக்கு வருகிறது. சமையலறைத் தராசில் ஓட்டை நிறுத்து, மணல் நிரப்பிய பாத்திரத்தில் அழுத்தி அதன் பருமனை அளந்து, அடர்த்தியைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீரின் அடர்த்தியில் எத்தனையில் ஒரு பங்கு வருகிறது?

அந்தப் பெண் இப்போது பள்ளிப் படிப்பை முடித்திருப்பாள். மறு ஆண்டு நான் போனபோது மூன்று புட்டிகளைக் கொண்டுவந்து காட்டினாள். நான் சொல்லாத நான்காவது ஒன்றும் இருந்தது. அதில் ஏரிநீர். குலுக்கினாள். நுரை கடல்நீரில் நின்றதைவிட அதிக நேரம் நின்றது. "இது ஏன் சார்?" என்றாள். ஏரியில் பாசி அதிகமா, கரையோர வீடுகளின் சோப்பா, இரண்டுமா? மெத்திலீன் புளூச் சோதனைக்காக அந்தப் புட்டியைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றோம். நீலம் தெரிந்தது, வெளிறிய நீலம்.